ஊர்ப் பந்தும் ஒளித்திரையும்

நல்லூர் வாசிகசாலையிலே மான்செஸ்டர் ஆட்டக்காரரைப் பற்றி வாதிடும் நம் மாணவர், இங்கிலாந்தின் ஆங்கிலியாத் தொலைக்காட்சி 1962இல் தொடங்கிய ‘மட்ச் ஒவ் த வீக்’ நிகழ்ச்சியை அறியார். இப்ஸ்விச், நோர்விச் முதலிய கிழக்குப் பிரதேசக் குழுக்களின் உதைபந்தாட்டத்தை அப்பிரதேச மக்களுக்கே அது காட்டிற்று. அதனைத் தூய மக்கள் கலை என்று போற்றமாட்டேன். விளம்பர வருவாயில் நடந்த நிலையம் அது. ஆயினும், தம் ஊர் மைதானத்துச் சேற்றைத் திரையிற் கண்ட தொழிலாளி தன்னையே கண்டான். 1983இல் நாடு முழுவதற்குமான நேரடி லீக் ஒளிபரப்பு வந்தது. 1992இலோ உயர்பிரிவு ஆட்டங்களின் நேரடிக் காட்சி சந்தா கட்டியவர்க்கே உரியதாயிற்று. அந்தச் சரக்கே இன்று நம் வாசிகசாலைக்கும் வந்து சேர்கிறது. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் மோதும் நமது கிராமத்துக் குழுக்களை, நமது பேச்சுத் தமிழிலேயே வர்ணித்து வாராவாரம் காட்டுமாறு ஒளிபரப்பு நிலையங்களை நாம் ஏன் கேட்கலாகாது?