கிடார் வாசித்தவர் பெயர் என்ன?

'இளைய நிலா' பாட்டைக் கேட்காதவர்கள் நம்மூரில் யார்? 'பயணங்கள் முடிவதில்லை', 1982. இசை இளையராஜா, எழுதியது வைரமுத்து, குரல் எஸ்.பி.பி., மைக் பிடித்து நடித்தவர் மோகன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாலு பேரையும் சொல்லிவிடுவோம். சரி, அந்த கிடார்? இன்றைக்கும் கிடார் வகுப்புக்குப் போகிற பையன்கள் விரல் வலிக்க வலிக்கப் பழகிப் பார்க்கிற அந்த வாசிப்பு யாருடையது?

ஆர்.சந்திரசேகர். ராஜா ரசிகர்களில் தீவிரமானவர்கள் டக்கென்று சொல்வார்கள். மற்ற பேர்? பாட்டு முழுக்க அவர் விரல்களோடுதான் நடக்கிறோம், ஆனால் பேர் தெரியாது. நோட்ஸ் எழுதியது ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் காகிதம் தானாகப் பாடாதே ஐயா!

பாடுகிறவர்களுக்கே ஒரு காலத்தில் இந்த கதிதான். 1949-ல் 'மஹல்' என்ற இந்திப் படம். அதில் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? காமினி. அது படத்தில் மதுபாலா ஏற்ற வேடத்தின் பெயர்! ரேடியோவுக்கு நேயர்கள் கடிதமாக எழுதித் தள்ளி, ரேடியோக்காரர்கள் இசைத்தட்டுக் கம்பெனியைக் கேட்டு, அப்புறம்தான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது.

லதா அதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 'சோரி சோரி' படத்துக்காக சங்கர் - ஜெய்கிஷனுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது, விழாவில் அந்தப் படத்துப் பாட்டைப் பாடக் கூப்பிட்டார்கள். லதா மறுத்துவிட்டார். விருது இசைக்குத்தானே, பாடியவருக்கும் எழுதியவருக்கும் இல்லையே, அப்படியானால் வெறும் மெட்டை வாசித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். கறாரான கணக்கு! 1959-ல் பாடலாசிரியருக்கும் பின்னணிப் பாடகருக்கும் தனித்தனி விருது வந்தது. முதல் பின்னணி விருது, 'மதுமதி' படத்துக்காக, லதாவுக்கே.

லதாவால் மறுக்க முடிந்தது. அவர் இல்லாமல் பாட்டு இல்லை. மூணாவது வரிசையில் உட்கார்ந்து வயலின் வாசிப்பவர் மறுத்தால்? அடுத்த நாள் வேறு ஆள் வருவார். அதனால் அவர் பெயரை அவர் கேட்டு வாங்க முடியாது. மேலே இருப்பவர்தான் தானாகப் போட வேண்டும்.

அந்த விஷயத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் கேஸட் உறைகள் எனக்குப் பிடிக்கும். வாத்தியக்காரர்கள் பெயரையும் சவுண்ட் இன்ஜினீயர் பெயரையும் பொடி எழுத்திலாவது போட்டார். 'பம்பாய்' தீம் இசையில் உருக்குகிற அந்தப் புல்லாங்குழல் நவீன்குமார், அந்தத் துல்லியமான சத்தத்துக்குப் பின்னால் எச்.ஸ்ரீதர் என்றெல்லாம் இத்தனை பேருக்குத் தெரிந்ததில் அந்தப் பொடி எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ரஹ்மான் பெயர் ஒரு சுற்று இளைத்துவிட்டதா என்ன? இன்று போனில் பாட்டைத் தட்டினால் உறையே இல்லை. முதலில் கண்ணில் படுவது படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடகர். மற்றவர்களைத் தேடிப் போக வேண்டும், யார் போகிறார்கள்?

எல்லார் பெயரையும் போட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. படம் முடிந்ததும் ரயில் வேகத்தில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை யார் படித்தார்கள்? தியேட்டரில் லைட்டைப் போட்டுவிடுகிறான். ஓ.டி.டி.யில் அந்தப் பட்டியல் மூலையில் சுருங்கி, அடுத்த எபிசோட் வந்து நிற்கிறது. அது மரியாதை இல்லை, சம்பிரதாயம். கேஸட் உறையில் 'புல்லாங்குழல் - நவீன்' என்று இருந்ததே, அதில் ஆளும் இருக்கிறார், அவர் செய்த வேலையும் இருக்கிறது.

நம் ஆபீஸ் ஆண்டு விழாக்களில் இல்லாதது அதுதான். 'என் டீம் இல்லாமல் இது சாத்தியமில்லை' என்று எம்.டி. உருகுவார். டீம் என்றால் யார் சார்? பி.காம். படித்தவனுக்கு அங்கே ஒரு சந்தேகம் வரும். பேலன்ஸ் ஷீட்டில் 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று ஒரே வரியில் ஒரு தொகை நிற்கும். ஆனால் பின்னால் லெட்ஜரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பெயர் பெயராக இருக்கும். ஆடிட்டர் கேட்டால் காட்டியாக வேண்டும். எம்.டி.யின் 'டீமுக்கு' அப்படி ஒரு லெட்ஜர் உண்டா?

ஆர்டர் பிடித்த சேல்ஸ் பையனுக்குக் கேடயம். அந்த ஆர்டர் அன்றைக்கே போகவேண்டும் என்று ராத்திரி ஒன்பது மணிவரை இருந்து இன்வாய்ஸ் போட்ட பெண்ணுக்கும், லாரி பிடித்து லோடு ஏற்றிய குடோன்காரருக்கும் கை தட்டுகிற வேலை. கடைசியில் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் பத்திரிகை ஆபீஸுக்கு அந்தப் படம் வரும், கூடவே கேப்ஷனும்: 'நிர்வாக இயக்குநருடன் ஊழியர்கள்'. இடமிருந்து வலம் பெயர் கேட்டு போன் செய்தால், 'அதெல்லாம் எதுக்கு சார், எம்.டி. பேர் மட்டும் ஸ்பெல்லிங் பார்த்துப் போட்டுடுங்க' என்பார்கள்.