கண்ணுக்கு வேலையில்லாத பெட்டி

பாட்டுக் கேட்கும் கருவிக்குத் திரையே வேண்டாம் என்று முடிவு செய்யத் துணிச்சல் வேண்டும். 2005 ஜனவரி 11 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்ட் கண்காட்சி மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாட் ஷஃபிளை எடுத்துக் காட்டினார். அப்போது கடைகளில் கிடைத்த மலிவான எம்பி3 பிளேயர்களில் இத்துனூண்டு திரை ஒன்று இருக்கும். பாட்டின் பெயர் அதில் பாதி பாதியாக ஊர்ந்து போகும். அந்தத் திரையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று ஆப்பிள் யோசிக்கவில்லை; பிடுங்கி எறிந்துவிட்டது.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கருவி நான்கு உருவம் எடுத்தது. கண்ணுக்கு வேலையில்லை என்றால் கையும் காதும் எப்படி வழி கண்டுபிடிக்கும்? நான்கும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில் சொன்னவை. பின்னால் வந்ததாலேயே ஒன்று உயர்ந்துவிடவில்லை.

முதலாவது வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு குச்சி. எடை 22 கிராம். சூயிங்கம் பாக்கெட்டைவிடச் சிறியது என்று மேடையில் பெருமை பேசினார்கள். இதைத் தின்றுவிடாதீர்கள் என்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு குறும்பான அடிக்குறிப்பும் இருந்தது. அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினால் யுஎஸ்பி முனை வெளியே வரும். கணினியில் நேராகச் செருகிவிடலாம், வயர் தேவையில்லை. (அந்த மூடி தொலைவதற்கென்றே பிறந்தது.) 512 எம்பி 99 டாலர், 1 ஜிபி 149 டாலர். முன்னதில் சுமார் 120 பாட்டு, பின்னதில் 240.

இந்த எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. 240 பாட்டு என்றால் அத்தனையும் நாமே பொறுக்கி ஏற்றியவை. எது ஒலிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு முகப்பிசையில் முதல் கிட்டார் தந்தி அதிர்ந்தால் போதும், படத்தின் பெயர் முதற்கொண்டு வந்துவிடும். திரை இல்லாதது ஒரு குறையாகவே தோன்றாத அளவுக்குக் கொள்ளளவும் சிறியதாக இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திய இந்த அளவுதான் முதல் ஷஃபிளின் அழகு.

இன்னொன்று, முதுகில் இருக்கும் அந்த நீளமான ஸ்விட்ச். மூன்றே நிலை: அணை, வரிசையாகப் பாடு, கலைத்துப் பாடு. கட்டைவிரலால் தள்ளினால் ஒவ்வொரு நிலையிலும் தெளிவாகத் தட்டி நிற்கும். சட்டைப்பைக்குள் இருந்தாலும் எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரியும். தமிழ்க் காதுக்கு இது சின்ன விஷயமில்லை. சினிமாப் பாட்டைக் கலைத்துப் போட்டால் குடி முழுகிப் போகாது. ஒவ்வொன்றும் தனக்குள் முழுமையானது. கச்சேரியைக் கலைத்தால் மங்களம் பாடி முடித்தபின் வர்ணம் வரும், ஆலாபனை ஒரு பக்கமும் கீர்த்தனை ஒரு பக்கமும் போய் விழும். ஒரே தள்ளலில் ஒரு ரசனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடிந்தது. அந்தப் பிளாஸ்டிக் குச்சியின் ஒலியும் என் காதுக்கு நான்கிலும் சிறந்தது. மிருதங்கத்தின் தொப்பி தொளதொளக்காமல் இறுக்கமாக விழும்.

2006 செப்டம்பரில் இரண்டாவதை அறிவித்தார்கள். பொருளாக மட்டும் பார்த்தால் இதுதான் சிகரம். முதலாவதில் ஏறக்குறையப் பாதி அளவு, அலுமினிய உடல், எடை சுமார் 15 கிராம், விலை 79 டாலர். முதுகு முழுவதும் கிளிப். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கருவி காலரிலும் துப்பட்டாவிலும் ஏறிக்கொண்டது. யுஎஸ்பி முனை போய்விட்டதால் கணினியோடு சேர்க்க ஒரு குட்டித் தாங்கி கொடுத்தார்கள். அதன் முள் இயர்போன் துளையிலேயே நுழையும். பாட்டு உள்ளே போவதும் வெளியே வருவதும் சார்ஜ் ஏறுவதும் அந்த 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே. இப்படி ஒரு சிக்கனத்தை நினைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் மூன்று நிலை ஸ்விட்சை உடைத்து இரண்டாக்கியிருந்தார்கள்: அணைக்க ஒன்று, கலைக்க ஒன்று. இரண்டும் பொடிசு, நகத்தால் தள்ள வேண்டும். கைக்குக் கிடைத்திருந்த ஒரு சுகம் அதோடு போயிற்று.

2009 மார்ச்சில் வந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் திட்டினார்கள். 10.7 கிராம் எடையில் ஒரு மெல்லிய உலோகத் துண்டு. உடம்பில் ஒரு பட்டன்கூட இல்லை. தலையில் மூன்று நிலை ஸ்விட்ச் மட்டும் மிஞ்ச, மற்றக் கட்டுப்பாடு அத்தனையும் இயர்போன் வயருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒரு முறை அழுத்தினால் நிற்கும், இரண்டு முறைக்கு அடுத்த பாட்டு, மூன்று முறைக்கு முந்தைய பாட்டு. அந்தப் பட்டன் இல்லாத வேறு இயர்போனை மாட்டினால் ஒலியைக் குறைக்கக்கூட வழியில்லை. கருவியை வாங்கியவன் அதன் வயருக்கு அடிமை.

திட்டு நியாயம்தான். ஆனால் திட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இதன் கொள்ளளவு 4 ஜிபி, ஏறக்குறைய ஆயிரம் பாட்டு. ஆயிரம் பாட்டை எந்தக் காதும் முகப்பிசையிலேயே அடையாளம் காணாது. அதனால்தான் கருவிக்குக் குரல் வந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தால் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் காதிலேயே சொல்லும். நான்கில் உண்மையிலேயே புதிய சிந்தனை இது ஒன்றுதான். பதினான்கு மொழி பேசியது. துருக்கி, போலிஷ், கிரேக்கம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தில் பெயர் பதிந்த நம் பாட்டுகளை அது வெள்ளைக்கார நாக்கால் கடித்துத் துப்பியது. கையிலிருந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் பறித்துக் காதுக்குக் கொடுத்த கருவி, நம் காதுக்கு மட்டும் சரியாகப் பேசவில்லை.

2010 செப்டம்பரில் நான்காவதைக் காட்டியபோது பட்டன் திரும்பி வந்திருந்தது. மக்கள் அதைத் தேடினார்கள் என்று ஜாப்ஸே மேடையில் ஒப்புக்கொண்டார். ஏறக்குறையச் சதுரமான உடல், முகம் நிறைய வட்டப் பட்டன், முதுகில் கிளிப், தலையில் அதே மூன்று நிலை ஸ்விட்ச், பக்கத்தில் குரலுக்கென்று தனி விசை. 2 ஜிபி, 49 டாலர். கொள்ளளவைக் கூட்டாமல் பாதியாகக் குறைத்தது எனக்குப் பிடித்த முடிவு. முந்தைய மூன்றில் நல்லதை எல்லாம் பொறுக்கி எடுத்துச் செய்தது. குறை சொல்ல இடமில்லை. மெய்சிலிர்க்கவும் இடமில்லை. பிறகு ஏழு ஆண்டுகள் நிறத்தைத் தவிர எதுவும் மாறவில்லை. இணையத்தோடு சேரத் தெரியாத கருவி, கணினி வழியாக மட்டுமே பாட்டு ஏற்ற முடியும். 2017 ஜூலையில் ஐபாட் நானோவோடு சேர்த்து விற்பனையை நிறுத்தினார்கள்.

நடந்து போகும்போது கேட்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான்காவதைச் சொல்வேன். கைக்குள் வைத்து உருட்டிப் பார்க்க இரண்டாவது. உட்கார்ந்து ஒரு முழுக் கச்சேரி கேட்பதென்றால், மூடி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த வெள்ளைக் குச்சிதான்.