பிளவுக்குள் தெரியும் பச்சை

அந்தச் சுவரின் படத்தை முதலில் பார்த்தபோது 'அடடா, எவ்ளோ அழகு' என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே கூச்சமாகிவிட்டது. அது முழுக்க உடைந்த கல்லறைக் கற்கள்.

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் கஷிமியெஷ் தோல்னி என்றொரு சின்ன ஊர். போருக்கு முன்பு அங்கே யூதர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். 'யிட்ல் மிட்ன் ஃபிட்ல்' என்ற 1936ஆம் ஆண்டு இத்திஷ் படத்தை இங்கே வந்துதான் எடுத்தார்கள். யூதச் சிற்றூரைக் காட்ட செட் போட வேண்டியிருக்கவில்லை. 1942இல் அந்த யூதர்களை நாஜிகள் வெளியேற்றினார்கள். பலர் போய்ச் சேர்ந்தது பெவ்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு. ஊரை ஒட்டிய இடுகாட்டின் கற்களைப் பெயர்த்து, கெஸ்டாபோ குடியிருந்த துறவிமடத்து முற்றத்தில் தளம் பாவினார்கள். பெயர்களின் மேல் பூட்ஸுகள் நடந்தன.

1984இல் மீட்ட துண்டுகளைப் பதித்து ததேயுஷ் அவ்குஸ்தினெக் என்ற கட்டடக்கலைஞர் இந்தச் சுவரை எழுப்பினார். நடுவே மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாக ஒரு பிளவு. அறுந்துபோன சமூகம், இத்யாதி. ஒரே பார்வையில் புரிந்துவிடுகிற உருவகத்தின் மேல் எனக்கு எப்பவும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

என் உறுத்தல் வேறு. 'இன்னார் இங்கே' என்று சொல்வதுதான் கல்லறைக் கல்லின் வேலை. இன்னார் சுவரில் இருக்கிறார், 'இங்கே' போய்விட்டது. எங்க தொழில் பாஷையில், பாயின்ட்டர் அறுந்துவிட்டது. நாஜிகள் கல்லறைக் கல்லைக் கட்டுமானப் பொருளாக்கினார்கள். நோக்கம் நேரெதிர் என்றாலும் சுவரும் அதைத்தானே செய்கிறது? எபிரேய எழுத்து, ஆசீர்வதிக்கும் கைகள், மெழுகுவர்த்தித் தண்டு எல்லாம் சேர்ந்து ஒரு டெக்ஸ்ச்சர் ஆகிவிடுகின்றன. ஒரு பெயரில் நிற்கப் பார்த்தால் கண் அடுத்த கல்லுக்கு வழுக்குகிறது.

இப்படியே நினைத்துக்கொண்டிருந்தவன், பிளவு ஆள் நுழையும் அகலம் என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அந்தப் பக்கம் மரங்கள் அடர்ந்த சரிவு, அங்கங்கே சில கற்கள். இடுகாடு அதுதான். யூத மரபில் அதற்கு 'நித்திய வீடு' என்று பெயர். கல் போனாலும் நிலத்தின் புனிதம் போவதில்லை, புதைத்தவர்களைக் கிளறக் கூடாது. துண்டுகளையெல்லாம் குத்துமதிப்பாகச் சரிவில் நட்டு, பழைய இடுகாடு மாதிரியே ஒன்றைச் செய்து காட்டியிருக்கலாம். செய்யவில்லை. செய்திருந்தால் அந்தக் கற்கள் யாரோ ஒருவரின் தலைமாட்டில் நின்று வேறொருவர் பெயரைச் சொல்லியிருக்கும்.

ஊருக்குள் அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. யூதத் தொழுகைக்கூடத்தை 1950களில் திரும்பக் கட்டினார்கள், வெளித்தோற்றம் பழையபடியே. உள்ளே வந்தது சினிமா தியேட்டர்.

சுவரின் படங்கள் இப்போதும் கண்ணில் படுகின்றன. எல்லாம் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. பிளவுக்குள் துண்டாகத் தெரியும் அந்தப் பச்சையைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.