‘ரிஹ்லா’வில் நாம் காணும் விரிவு

1325இல் ஹஜ்ஜுக்கெனத் தாஞ்சாவினின்று புறப்பட்ட இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வை, அயல்நாட்டு வாசம் உள்ளத்தை விரிக்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். நாம் அதனை எளிதில் ஏற்பதற்கில்லை. மாலத்தீவில் காழியாக அமர்ந்தவர், பெண்டிரை மேலாடை அணியச் செய்ய முயன்றார், இயலவில்லை. ஊர் மாறியும் அளவுகோல் மாறவில்லை. ஆயினும், அத்தோல்வியை ஒளியாது இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவித்தாரே (காழிகளிடம் காண்பதற்கரிய குணம்!), விரிவின் தொடக்கத்தை அங்கேதான் காண்கிறோம்.

1352இல் மாலி நாட்டு மன்னர் விருந்தாக அனுப்பிய மூன்று ரொட்டியையும் இறைச்சித் துண்டையும் தயிரையும் எள்ளிய அதே நாவு, அம்மக்களிடையே அநீதி அரிதென்றும், வழிப்போக்கருக்கு அச்சமில்லையென்றும், பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்வதில் அவர்கள் காட்டும் கண்டிப்புப் பெரிதென்றும் சான்று பகர்கிறது. தாம் வெறுத்தவற்றை அதன் பின்னரே வரிசைப்படுத்துகிறார்.