ஐபிவி6-இன் குறை முகவரி நீளத்தில் இல்லை

ஐபிவி4-க்கும் ஐபிவி6-க்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஓர் அட்டவணை. பழையது 32 பிட், புதியது 128 பிட். பழையதில் புள்ளி, புதியதில் முக்காற்புள்ளி. பழையதில் சுமார் 430 கோடி முகவரிகள், புதியதில் 34-க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட்டால் வருகிற எண்ணிக்கை. கடைசி வரியில் ‘புதியது அதிகப் பாதுகாப்பானது’ என்று ஒரு நற்சான்றிதழ். கல்லூரிப் பாடப்புத்தகம் முதல் இன்டர்வியூ கேள்வி-பதில் தளங்கள் வரை இதே அட்டவணைதான். நான் பி.இ. படித்தபோதும் இதைத்தான் மனப்பாடம் செய்தோம்.

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரியான தகவல்தான். என் புகார் வேறு. 1995-இல் முதன்முதலாக எழுதி வைத்த ஒரு நெறிமுறை, முப்பது வருஷம் கழித்தும் பழையதை வெளியே அனுப்ப முடியாமல் ஏன் நிற்கிறது? கூகுள் வெளியிடும் கணக்குப்படி, அதன் சேவைகளுக்கு ஐபிவி6 வழியாக வருகிறவர்கள் இப்போதுதான் ஏறக்குறைய பாதி. கம்பெனிகள் சோம்பேறித்தனமாக இருக்கின்றன என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. அதனால் இரண்டு மூல ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஒன்று 1981 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 791. இன்னொன்று 2017 ஜூலையில் வந்த ஆர்.எஃப்.சி. 8200, ஐபிவி6-இன் இப்போதைய வரையறை இதுதான்.

பழைய ஆவணம்

791-ஐத் தொகுத்தவர் ஜான் போஸ்டல். ஐம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். இதை எழுதிய காலத்தில் மொத்த வலைப்பின்னலும் சில நூறு கணினிகள்தான். 1983 ஜனவரி 1 அன்று ‘இன்றோடு பழையது கிடையாது’ என்று அர்பாநெட்டை டிசிபி/ஐபி-க்கு மாற்ற முடிந்தது என்றால், அந்த அளவு அப்படி. 32 பிட் போதும் என்ற முடிவை எடுத்தவர் வின்ட் செர்ஃப். அன்றைக்கு இது ஒரு சோதனை என்றே நினைத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை, அவ்வளவுதான்.

791-இல் வழியில் நிற்கிற ரவுட்டருக்கு நிறைய வேலை. பாக்கெட் பெரிதாக இருந்தால் அதைத் துண்டு போட வேண்டும். பாக்கெட்டின் ஆயுள் எண்ணை ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். எண் மாறியதால் ஹெடரின் சரிபார்ப்புத் தொகையை மறுபடி கணக்குப் போட வேண்டும். ஹெடரின் நீளமும் நிலையானது இல்லை. 20 பைட்டிலிருந்து 60 பைட் வரை போகலாம். எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

புதிய ஆவணம்

8200 இதையெல்லாம் துடைத்துப் போடுகிறது. ஹெடர் எப்போதும் 40 பைட். உள்ளே எட்டே புலங்கள். சரிபார்ப்புத் தொகை கிடையாது. கீழே இணைப்பு மட்டத்திலும் மேலே டிசிபி, யுடிபி-யிலும் ஏற்கெனவே சரிபார்க்கிறார்களே, நடுவில் எதற்கு என்பது வாதம். நியாயம்தான். துண்டு போடுகிற வேலை ரவுட்டருக்கு இல்லை. பாக்கெட் பெரிது என்றால் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி மூலம் தகவல் சொல்லும்.

பழைய பழக்கத்தில் ஐசிஎம்பி-யை மொத்தமாக ஃபயர்வாலில் அடைத்து வைக்கிற நிர்வாகிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கனெக்‌ஷன் திறக்கும், சின்னப் பக்கங்கள் வரும், பெரிய பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘ஐபிவி6 ஸ்லோ’ என்று புகார் எழுதுவார்கள். ஐபிவி4-இல் ஐசிஎம்பி இல்லாமல் ஒப்பேற்றிவிடலாம். ஐபிவி6-இல் அது உடம்பின் உறுப்பு மாதிரி. பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிக்கிற வேலையும் ஏஆர்பி-யிடமிருந்து பிரிந்து அதனிடம்தான் வந்திருக்கிறது.

முகவரி கிடைக்கிற விதமும் வேறு. ரவுட்டர் முன்பாதியை அறிவிக்கும். பின்பாதியைக் கணினி தானே உருவாக்கிக்கொள்ளும். ஒரு வீட்டுக்குக் குறைந்தது /64 என்பது வழக்கம். அதாவது முழு ஐபிவி4 இணையத்தில் எத்தனை முகவரிகள் இருக்கின்றனவோ, அத்தனை ஐபிவி4 இணையங்கள் ஒரே வீட்டுக்குள் அடங்கும். இது ஊதாரித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். முகவரியைச் சிக்கனம் பிடிக்க வேண்டிய கட்டாயமே இனி வேண்டாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது.

எழுத்தாகப் படித்தால் 8200 சுத்தமான ஆவணம். பொறுப்பை நடுவிலிருந்து எடுத்து இரண்டு முனைகளுக்கும் கொடுக்கிறது. ஆனால் அட்டவணைகள் இதைப் பாராட்டுவதில்லை. இல்லாத ஒன்றைப் பாராட்டுகின்றன.

அந்தக் கடைசி வரி

‘அதிகப் பாதுகாப்பு’ என்ற வரி எங்கிருந்து வந்தது? ஐபிவி6 உள்ள ஒவ்வொரு கணினியும் ஐபிசெக்-ஐ ஆதரித்தாக வேண்டும் என்று ஆரம்ப விதிகளில் இருந்தது. ஆதரிப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. ஐபிவி4-இலும் ஐபிசெக் உண்டு. 2011-இல் ஆர்.எஃப்.சி. 6434 அந்தக் கட்டாயத்தையே பரிந்துரையாகத் தளர்த்திவிட்டது. அட்டவணைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்தரங்க விஷயத்திலோ ஐபிவி6 ஆரம்பத்தில் பழையதைவிட மோசம். முகவரியின் பின்பாதியை நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணிலிருந்து உருவாக்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்கும், அங்கிருந்து வெளியூர் லாட்ஜுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் முன்பாதி மாறும், வால் மாறாது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஆளைப் பின்தொடரலாம். 2001-இல்தான் இதற்கு மாற்றாகத் தற்காலிக, தோராய எண்களைப் பயன்படுத்தும் முறை வந்தது. இன்றைய போன்களும் கணினிகளும் அதைத்தான் செய்கின்றன.

இவை திருத்திக்கொண்ட குறைகள். திருத்த நேரமாகிப்போன குறை ஒன்று இருக்கிறது.

இணக்கம் என்ற பழைய வழக்கு

ஐபிவி6-ஐக் கடுமையாக விமர்சித்தவர்களில் டான் பெர்ன்ஸ்டீன் முக்கியமானவர். புதிய முகவரி மட்டும் உள்ளவர் பழைய முகவரி மட்டும் உள்ளவரோடு எப்படிப் பேசுவார் என்பதற்கு வழியே சொல்லாமல் ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இதன் மலிவுப் பதிப்பை நம் நண்பர்கள் டீக்கடையில் சொல்வார்கள்: ‘நாலு எண்ணோட இன்னும் ரெண்டு எண் சேர்த்திருந்தா போதுமேப்பா, எதுக்கு இவ்வளவு கலாட்டா?’

மலிவுப் பதிப்பு தவறு. சென்னையில் போன் நம்பர் ஏழு இலக்கத்திலிருந்து எட்டானபோது முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள், முடிந்தது. வீட்டிலிருக்கும் கருவி அப்படியே இருக்கலாம். மாற்றத்தை எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொண்டது. இணையத்தில் முகவரி ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும், 32 பிட் மட்டுமே கொள்ளும் ஒரு புலத்தில் எழுதப்படுகிறது. பழைய கணினிக்கு அதைவிட நீளமான முகவரியை எழுத இடமே கிடையாது. ரெண்டு எண் சேர்த்தாலும் பன்னிரண்டு சேர்த்தாலும் ஒவ்வொரு இயங்குதளம், ஒவ்வொரு ரவுட்டர், முகவரிக்கென்று நான்கு பைட் ஒதுக்கி வைத்த ஒவ்வொரு நிரல் எல்லாம் மாற வேண்டும். அதே முப்பது வருஷம் ஆகியிருக்கும். கடைசியில் கையில் குறைவான முகவரிகள் இருந்திருக்கும்.

பெர்ன்ஸ்டீனின் மூல வாதம் அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. வடிவமைத்தவர்கள் நம்பிய முதன்மையான மாற்றத் திட்டம் இரட்டை அடுக்கு. எல்லோரும் இரண்டையும் ஓட்டுங்கள், எல்லோரிடமும் புதியது வந்ததும் பழையதை அணைத்துவிடலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஓட்டுகிறவருக்கு ஒரு ஐபிவி4 முகவரியும் வேண்டும். அதாவது முகவரிப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்தது ஒரு முகவரியைக்கூட மிச்சப்படுத்தவில்லை. செலவு இரட்டிப்பு, பலன் கடைசி ஆள் மாறிய பிறகு. முதலில் மாறுகிறவருக்கு லாபம் எதுவும் இல்லாத ஒரு திட்டத்தில் யார் முதலில் மாறுவார்? சோம்பேறித்தனம் என்று திட்டுவது இந்த இடத்தைப் பார்க்காமல் பேசுவது.

முதல் ஆளுக்கே பலன் தரக்கூடியது மொழிமாற்றம். புதிய முகவரி மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பெட்டி வழியாகப் பழைய உலகத்தோடு பேசுவது. 2000-இல் நாட்-பிடி என்ற பெயரில் அப்படி ஒன்று வந்தது. 2007-இல் அதைப் பழங்கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். சொன்ன தொழில்நுட்பக் காரணங்கள் உண்மையானவை. ஆனால் மாற்று இல்லாமலேயே ஒதுக்கினார்கள். நாட் என்பதை ஒழிக்கத்தானே வந்தோம், அதையே மறுபடி உள்ளே விடுவதா என்ற கௌரவப் பிரச்சினையும் அதில் இருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

2011 பிப்ரவரி 3 அன்று ஐபிவி4-இன் கடைசி ஐந்து பெரிய தொகுப்புகளையும் பிராந்திய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கையை விரித்தது ஐயானா. நாட்64 ஆர்.எஃப்.சி.-யாக வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். கஜானா காலியான பிறகு சாவி வந்தது.

வந்ததும் நடந்ததைப் பாருங்கள். நாட்64-உம், ஐபிவி4 மட்டுமே புரிகிற செயலிகளையும் ஓடவைக்கும் 464எக்ஸ்லாட்-உம் சேர்ந்ததும், மொபைல் நிறுவனங்களால் போன்களுக்கு ஐபிவி6 மட்டும் கொடுக்க முடிந்தது. அமெரிக்காவில் டி-மொபைல் இந்த வழியில் முதலில் போனது. ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பிலேயே இதற்கான வசதி வந்தது. 2016 ஜூனிலிருந்து, ஐபிவி6 மட்டும் உள்ள வலைப்பின்னலில் ஓடாத செயலிகளை ஆப் ஸ்டோரில் ஏற்க மாட்டோம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ தொடக்கத்திலிருந்தே ஐபிவி6-ஓடு வந்தது. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்குப் போனது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவிடம் 100 கோடிக்கு மேல் ஐபிவி4 முகவரிகள், இந்தியாவிடம் ஐந்து கோடிகூட இல்லை என்கிற நிலையில் இங்கே வேறு வழியும் இல்லை.

நாட்-ஐ ஒழிக்க வந்த நெறிமுறை போன்களில் பரவியதற்கு நாட்-இன் ஒரு புது வடிவம் பெரிய காரணம். இதை 2000-லேயே மனசார ஏற்றிருந்தால் பத்து வருஷமாவது மிச்சமாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தப் பத்து வருஷத்தில் என்ன போனது?

நஷ்டம் வெறும் தாமதம் இல்லை. அந்த இடைவெளியில் ஐபிவி4-ஐ இழுத்துப் பிடிக்க, நிறுவன அளவிலான நாட் வந்தது. உங்கள் வீட்டு ரவுட்டருக்கே பொது முகவரி கிடையாது. ஊரில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால். இதற்கென்றே 2012-இல் 100.64-இல் தொடங்கும் ஒரு தொகுப்பை ஒதுக்கினார்கள்.

என் வீட்டு பிராட்பேண்ட் இந்த வகைதான். வீட்டில் ஒரு சின்ன கணினியில் குடும்பப் போட்டோக்களை வைத்து, வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ரவுட்டரில் போர்ட் திறந்தேன், பலனில்லை. அதற்கு மேலே இன்னொரு நாட் உட்கார்ந்திருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் ‘ஸ்டேட்டிக் ஐபி-க்கு மாசாமாசம் தனியா கட்டணும் சார்’ என்றார்கள். ஆக, என் போட்டோவை நானே பார்க்க யாரோ ஒருவரின் கிளவுடுக்கு வாடகை கட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் யாரோ சேட்டை செய்தால், ஒரே முகவரி என்பதால் ‘நீங்கள் ரோபோவா’ என்ற கேள்வி எனக்கும் வரும்.

முகவரி சொத்தாகவும் மாறிவிட்டது. 2011-இல் திவாலான நார்டெல்லிடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் வெப் சர்வீசஸ் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. ஆரம்பத்தில் கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுத்தது இது.

ஐபிவி6 வந்தால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமா? பாதி. என் இணைப்பில் இப்போது ஐபிவி6 இருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த முகவரி உண்டு. ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தேவைப்படுகிற ஒரு கருவிக்கு மட்டும் வழி திறக்க, நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் மெனுவே இல்லை என்பதுதான் பிரச்சினை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் முன்பாதியும் மாறிவிடுகிறது. நெறிமுறை திருப்பிக் கொடுத்ததைப் பெட்டி பிடித்து வைத்திருக்கிறது.

அதனால் அந்த அட்டவணையைத் திருத்தச் சொன்னால், பாதுகாப்பு என்ற வரியை அடித்துவிட்டு ‘வெளியிலிருந்து உங்களை யாராவது நேராகக் கூப்பிட முடியுமா?’ என்று ஒரு வரி சேர்ப்பேன். ஐபிவி4 ஆவணத்தில் பதில் ‘முடியும்’. இன்றைய ஐபிவி4 வீட்டில் பெரும்பாலும் ‘முடியாது’. ஐபிவி6-இல் ‘முடியும், உங்கள் நிறுவனம் விட்டால்’.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் போய் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால், அடுத்து ஐபிவி6 பகுதியில் உள்வரும் இணைப்புக்கு விதி எழுத இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கேரில் ‘ஐபிவி6 இருக்கா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் அந்த மெனுவையும் கேளுங்கள்.