கடிக்காத வாய்

மாலை ஐந்தரைக்குக் கல்லூரியிலிருந்து திரும்பி, விடைத்தாள் கட்டைத் திண்ணையில் வைப்பேன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு வந்து நிற்கும் செவலை, அந்த நேரத்துக்காகவே காத்திருந்ததுபோல முன்னங்கால்களை நீட்டி, மார்பு மண்ணைத் தொடக் குனியும். பின்புறம் மட்டும் உயர்ந்து நிற்கும். ஒரு நொடிக்கு வாலைத் தவிர எதுவும் அசையாது. வரலாற்று ஆசிரியராகச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அந்த ஒரு நொடி விருந்து. உடலின் முன்பாதி பணிகிறது, பின்பாதி பாயக் காத்திருக்கிறது. பணிவையும் பாய்ச்சலையும் ஒரே வளைவில் நிறுத்திவிடுகிறது என் நாட்டு நாய்.

அந்தக் குனிதல் ஓர் அறிவிப்பு: இனி நடப்பதெல்லாம் விளையாட்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் ஆட்டத்தின் நடுவிலும் இப்படிக் குனிவதைக் கவனித்து எழுதினார். கவ்விப் பிடித்துத் தலையை உதறுவது சண்டை என்று தோன்றிவிடக்கூடிய செயல். அதற்குச் சற்று முன்போ பின்போ ஒரு குனிதல் வந்துவிடும். கற்பனைச் சுரத்தில் எவ்வளவு தூரம் போனாலும் பாடகர் எடுப்புக்கு வந்து சேர்வதைப் போன்றது அது. எங்கே இருக்கிறோம் என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்.

செவலைக்குப் பிரியமான ஆடுபொருள் என் ரப்பர் செருப்பு. ஒற்றையைக் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றும். நான் துரத்தினால் ஓடும். நான் நின்றால் அதுவும் நின்று, என் கைக்கு ஒரு சாண் எட்டாத இடத்தில் செருப்பை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். "கொண்டாடா செவலை" என்றால் மூக்கால் இன்னும் கொஞ்சம் தள்ளும். அந்த ஒரு சாணில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. குறைந்தால் எடுத்துவிடுவேன், கூடினால் விட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவேன். நான் மிகவும் களைத்து வந்த நாள்களில் அது அரைச் சாணாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக் குட்டி வந்துவிட்டால் ஆட்டமே மாறும். தன்னில் கால்பங்கு உருவம்கூட இல்லாத அந்தக் குட்டிக்காகச் செவலை மல்லாந்து படுத்துக்கொள்ளும். குட்டி காதைக் கவ்வித் தொங்கும். செவலை அதன் தலையை வாய்க்குள் வாங்கி, கீறல் விழாமல் விட்டுவிடும். கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்ட வாரங்களில் கற்ற அளவு அது. அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விலகும், ஆட்டம் நின்றுபோகும். ஆடத் துணை வேண்டுமென்றால் பல்லை அடக்க வேண்டும்.

நடுகற்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில் நான் அதிக நேரம் நின்றுவிடுவேன். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. அவனோடு இருந்த நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயரையும் விடவில்லை: கோவிவன். பெயர் சொல்லி நாயை நினைத்த அந்த ஊரார்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

கோவிவனின் தாடை வலுதான் செவலைக்கும். அந்த வலுவை மயிரிழை கணக்கில் அளந்து செலவிடுவதையே கலை என்று நினைக்கிறேன். கடித்ததற்குக் கல் நின்றது. கடிக்காமல் விட்டதற்கு என்னிடம் இருப்பது அந்தச் செருப்புதான். இரவில் கழுவிவைக்கும்போது ரப்பரில் பல் தடம் வரிசையாகத் தெரியும். இரண்டு வருட ஆட்டத்தில் ஒரு பல்கூட மறுபக்கம் துளைத்ததில்லை.