கொல்லிமலைச் சாமையும் தொழில் பகுப்பாய்வின் எல்லைக்கோடும்

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களைக் கடந்த சில பத்தாண்டுகளில் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. பிசினஸ் அனாலிசிஸ் எனப்படும் வழக்கமான தொழில் பகுப்பாய்வுக்கு இது எளிய கணக்கு: கிழங்கு காசு தருகிறது, சாமை தரவில்லை, சாமைக்கு நல்ல விலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். 1990களின் நடுவிலிருந்து அந்த மலையில் பணிபுரியும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவமோ, விலை இந்தச் சிக்கலின் ஒரு முனை மட்டுமே என்கிறது. மற்ற முனைகளைக் கண்டுகொள்ளத்தான் அமைப்புச் சிந்தனை என்னும் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்றுவருகிறது. அதில் மூன்று கிளைகள் முக்கியமானவை.

முதல் கிளை எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டருடையது. 1961இல் வெளிவந்த ‘இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ நூலில் அவர் ஒரு தொழிலைச் சரக்கு, பணம், ஆள், செய்தி ஆகியவற்றின் ஓட்டமாகப் பார்த்தார். ஓட்டத்தில் தாமதம் இருந்தால், யாரும் தவறு செய்யாமலேயே உற்பத்தி ஏறி இறங்கித் தள்ளாடும். குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனை சீராக இருந்தும் அதன் ஆர்டர்கள் மேலே போகப் போகத் தாறுமாறாக ஆடியதை பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் கவனித்தது. அந்த ஆட்டத்தின் காரணங்களை 1997இல் ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள்.

குச்சிக்கிழங்கின் கதையும் இதே வகைதான். நட்டுப் பிடுங்கப் பத்து மாதம் ஆகும். விலையோ சேலத்துப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில், கிழங்கின் மாவுச்சத்தைப் பார்த்து முடிவாகிறது. விலை ஏறிய ஆண்டில் எல்லாரும் நடுகிறார்கள். அறுவடைக்குள் விலை விழுந்துவிடுகிறது. பிடுங்கிய கிழங்கு சில நாளில் கெட்டுவிடும் என்பதால், வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆலைக்காரர்கள் ஸ்டார்ச்சையும் ஜவ்வரிசியையும் இருப்பு வைத்து விற்க 1981இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. மலை விவசாயியிடம் இருப்பு வைக்கும் வசதி இல்லை. இதில் கிழங்கை வாங்கும் புரோக்கரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆட்டம் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

சாமையின் சுழல் வேறு. அதன் உமியை நீக்க உரலில் குத்திப் புடைக்க வேண்டும். அந்த வேலை பெண்களின் தலையில். தமிழக ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி இலவசம். அதனால் குத்தும் பாடு மிகுந்த சாமை அடுப்புக்கு வருவது குறைகிறது. சமைப்பது குறைந்தால் விதைப்பது குறையும். விதைப்பது குறைந்தால் விதை அரிதாகும், மில் போட ஆள் வரமாட்டார். மில் இல்லாததால் சமைப்பது மேலும் குறையும். சுவாமிநாதன் நிறுவனம் இந்தச் சுழலில் ஒரே நேரத்தில் பல இடங்களில் கை வைத்தது: சிற்றூர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள், விதை வங்கிகள், மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியே மாவும் கலவைகளும், அவற்றை விற்க ஒரு கூட்டமைப்பு.

இரண்டாவது கிளை பீட்டர் செக்லேண்டுடையது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், ‘அமைப்பு’ என்பது வெளியே கிடக்கும் பொருளல்ல, பார்ப்பவரின் நோக்கால் உருவாவது என்றார். அவரது முக்கிய நூல் 1981இல் வந்தது. கொல்லிமலைச் சாமை நகரத்துக்காரருக்குச் சர்க்கரை நோய்க்கு ஏற்ற உணவு. விஞ்ஞானிக்கு மரபணுச் செல்வம். மலைக் குடும்பத்துக்கு மழை பொய்த்தாலும் கைவிடாத தானியம். மூன்று நோக்குக்கும் ஒரே ‘தேவைப் பட்டியல்’ எழுதினால், அவற்றுக்கிடையே உள்ள முரண்பாடு அந்தக் கோப்பிலேயே புதைந்துபோகும்.

மூன்றாவது கிளை, வெஸ்ட் சர்ச்மேனும் அவர் மாணவர் வெர்னர் உல்ரிச்சும் கேட்ட கேள்வி: எல்லைக்கோட்டை வரைந்தவர் யார், கோட்டுக்கு வெளியே நிற்பவர் யார்? கொல்லிமலையை விளங்கிக்கொள்ள மிகவும் உதவுவது இதுதான். வயல் முதல் கடை வரை நீளும் மதிப்புச் சங்கிலிப் படத்தில் உரலுக்கு இடமில்லை, ஏனென்றால் குத்துகிற உழைப்புக்கு யாரும் கூலி தருவதில்லை. சர்வதேச பிசினஸ் அனாலிசிஸ் கழகத்தின் 2015 கையேடு ‘சூழல்’ என்பதை ஆறு அடிப்படைக் கருத்துகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனாலும் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்தான் பங்குதாரர் என்று பட்டியலிடும் பழக்கம் எளிதில் போவதில்லை.

எல்லைக்கோட்டை விரித்தால் வெற்றியின் ஆபத்தும் தெரியும். நகரச் சந்தை ஒரே அளவு, ஒரே நிறத்தில் தானியம் கேட்கும். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை என்று பிரிந்து வாழும் ரகங்களுக்கு அந்த ஒருமை நல்லதல்ல. விலை ஏறினால் வீட்டுக்கு வைத்ததும் விற்பனைக்குப் போகும். கொல்லிமலைச் சிறுதானிய விற்பனையை ஆராய்ந்து கியோம் க்ரூயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகியோர் 2009இல் ‘ஃபுட் பாலிசி’ இதழில் எழுதினார்கள். ஏழைகளுக்குப் பலன் சேர, தேவை பெருகுவதோடு சந்தை வழி சீராக வேண்டும், வழங்கலின் மேல் கட்டுப்பாடும் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மூன்றாவதான அந்தக் கட்டுப்பாட்டைத் தனி விவசாயி செய்ய முடியாது. கூட்டமைப்பின் தேவை அங்கேதான் எழுகிறது.

எங்கே தொட்டால் அமைப்பு அசையும் என்பதை அமைப்புச் சிந்தனையாளர் டொனெல்லா மெடோஸ் 1999இல் பன்னிரண்டு படிகளாக வரிசைப்படுத்தினார். மானியம், வரி போன்ற எண்களைக் கடைசிப் படியில் வைத்தார். விதிகளும் இலக்குகளும் வலுவான படிகளில் வருகின்றன. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் சிறுதானியத்துக்கும் இடம் தந்தது. 2023இல் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கியது. சாமையை ஓரங்கட்டிய அதே ரேஷன் வழியாகச் சிறுதானியம் திரும்ப வர முடியும் என்பதற்கு இது சான்று.

அமைப்புச் சிந்தனைக்கும் ஒரு குறை உண்டு. அம்புக்குறிகளை வரைந்துகொண்டே போகலாம். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று சொல்லிவிட்டு எதையும் முடிவு செய்யாமல் எழுந்துவிடலாம். எந்தச் சுழல் வலுவானது என்று அளந்து பார்த்தால்தான் படம் பயன்படும். கொல்லிமலை தரும் அளவுகோல் நேரடியானது: விலைப்பட்டியலைத் திறக்குமுன், அந்தத் தொழில் யாருடைய கூலியற்ற மணிநேரங்களின் மேல் நிற்கிறது என்று கணக்கிட வேண்டும். அந்த மணிநேரங்களைக் குறைக்காத திட்டம் சந்தையில் வென்றாலும் வயலில் நிலைக்காது.